போர்க்காலச் சிறார் புதினங்கள்: எதைப் புனையலாம், எதைப் புனையக் கூடாது?

2020 ஜனவரியில், நாஜிகளின் மரண முகாம் இருந்த இடத்தைப் பாதுகாக்கும், போலந்தில் உள்ள ஆஷ்விட்ஸ் நினைவகம் ஒரு நாவலைப் பற்றிப் பகிரங்கமாகக் கருத்துச் சொன்னது. யூத இன அழிப்பின் வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் ‘தி பாய் இன் த ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்’ என்ற நூலைத் தவிர்க்க வேண்டும் என்றது. ஜான் பாய்ன் எழுதி 2006இல் வெளிவந்த நூல் அது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது, 2008இல் திரைப்படமானது, வகுப்பறைகளில் பாடமாகவும் வாசிக்கப்படுகிறது. பிள்ளைகளுக்குப் போரின் கொடுமையை எடுத்துச் சொல்லும் நூலை, அந்தக் கொடுமை நடந்த இடத்தைப் பாதுகாப்பவர்களே வேண்டாம் என்றது பலரைக் குழப்பியது.

கதை என்றால் கற்பனை இருக்கத்தானே செய்யும் என்று ஒரு தரப்பு கேட்டது. பிள்ளைகளுக்கு வரலாறு என்று சொல்லிப் பொய்யைக் கொடுப்பதா என்று மறுதரப்பு கேட்டது. இரண்டுமே அவசரக் கேள்விகள். புனைவு என்பது ஒரே பொருள் அன்று. அதில் எந்தப் பகுதியைக் கற்பனைக்கு விடலாம், எந்தப் பகுதியைத் தொடக் கூடாது என்று பிரித்துப் பார்த்தால்தான் நினைவகத்தின் ஆட்சேபம் விளங்கும்.

இது என்ன வகை நூல்?

கடந்துபோன ஒரு காலத்தை ஆவணங்களின் துணையோடு கதையாக்குவது வரலாற்றுப் புதினம். சிறார் வரலாற்றுப் புதினம் அதையே, பெரும்பாலும் 8 முதல் 12 வயது வரையுள்ள வாசகருக்காகச் செய்கிறது. கதையின் நாயகனோ நாயகியோ ஏறக்குறைய வாசகரின் வயதிலேயே இருப்பார். நட்பும் துணிச்சலும் இவ்வகை நூல்களின் நிரந்தரக் கருப்பொருள்கள்.

இங்கே ஒரு நெருக்கடி உண்டு. போரைத் தொடங்குவதும் நடத்துவதும் முடிப்பதும் பெரியவர்கள். பத்து வயதுப் பிள்ளை கதையை நகர்த்த வேண்டுமானால், ஆசிரியர் அவள் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்தாக வேண்டும். ஒரு கூடையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, யாரிடமோ ஒரு தகவலைச் சொல்வது, கேட்டவர் யாராக இருந்தாலும் ஒரு பெயரைச் சொல்லாமல் இருப்பது போன்ற வேலை. அந்த வேலையின் அளவைத் தீர்மானிப்பதிலேயே பாதி நூல்கள் தடம் புரள்கின்றன.

இத்தகைய நூலில் கலந்திருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. ஆவணம் உள்ளவை. நாள், இடம், சட்டம், படையெடுப்பு, இறந்தோர் எண்ணிக்கை. இவற்றை மாற்ற ஆசிரியருக்கு உரிமை கிடையாது.

2. ஆட்கள். நாயகி, அவள் தங்கை, பக்கத்து வீட்டார், கதவைத் தட்டும் சிப்பாய். இவர்களை எப்படி வேண்டுமானாலும் படைத்துக்கொள்ளலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை.

3. சாத்தியங்கள். அந்த இடத்தில், அந்த மாதத்தில், அந்த வயதுப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும்? எதுவரை நடந்து போயிருக்க முடியும்? யார் வழிமறித்திருப்பார்கள்? பிடிபட்டால் என்ன நடந்திருக்கும்?

முதல் வகையில் பிழை நேர்ந்தால் ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டினாலே அகப்பட்டுவிடும். மூன்றாவது வகைப் பிழை அப்படி எளிதில் சிக்காது. அது எந்த ஒரு வரியிலும் இருக்காது. கதையின் அமைப்பிலேயே கரைந்திருக்கும். பிள்ளை அதைப் பிழையென்று அறியாமலே, “போர் என்றால் இப்படித்தான்” என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். ஆட்களைப் புனையலாம், சாத்தியங்களைப் புனையக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். டென்மார்க்கை எடுத்துக்கொண்டால் இதைத் தெளிவாகக் காட்டலாம்.

டென்மார்க், 1943: உண்மையில் நடந்தது

போர்க்கால நட்பைச் சொல்லும் சிறார் நூல்களில் மிகப் பரவலாக வாசிக்கப்படும் ஒன்று லோயிஸ் லோரியின் ‘நம்பர் த ஸ்டார்ஸ்’. 1989இல் வெளிவந்து, மறு ஆண்டு சிறார் நூலுக்கான அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் பெற்றது. கோபன்ஹேகனில் வாழும் பத்து வயது ஆனிமரியும் அவளுடைய யூதத் தோழி எல்லனும் அதன் மையம். டேனிஷ் மக்கள் தங்கள் யூத அண்டை வீட்டாரைக் கடல் வழியாக ஸ்வீடனுக்குத் தப்பவைத்த நிகழ்வே பின்னணி. நாயகி கற்பனை, பின்னணி உண்மை. அந்தப் பின்னணி நிகழ்ந்த வரிசை இது:

1. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி டென்மார்க்குக்குள் நுழைந்தது. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் நாட்டை விட்டுப் போகவில்லை. அரசு, நாடாளுமன்றம், நீதிமன்றம், காவல்துறை எல்லாம் டேனிஷ்காரர்கள் கையிலேயே இருந்தன. ஜெர்மனிக்கு அந்நாட்டின் வெண்ணெயும் இறைச்சியும் தங்குதடையின்றி வர வேண்டியிருந்தது. அதற்கு அமைதி தேவைப்பட்டது. ஐரோப்பாவின் வேறு பல பகுதிகளில் நடந்ததுபோல யூதர்களைத் தனியே பிரிக்கும் சட்டங்கள் இங்கே வராததற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம்.

2. 1943 கோடையில் ஏற்பாடு உடைந்தது. வேலைநிறுத்தங்களும் நாசவேலைகளும் பெருகின. நாசவேலைக்கு மரண தண்டனை விதிக்கச் சொன்னது ஜெர்மனி; டேனிஷ் அரசு மறுத்தது. ஆகஸ்ட் 29 அன்று ராணுவச் சட்டம் வந்தது; அரசு பதவி விலகியது. அன்று அதிகாலையில் டேனிஷ் கடற்படை, ஜெர்மானியர் கையில் சிக்காதிருக்கத் தன் கப்பல்களில் பெரும்பாலானவற்றைத் தானே மூழ்கடித்தது.

3. செப்டம்பர் 8 அன்று, டென்மார்க்கில் ஜெர்மனியின் உச்ச அதிகாரியான வெர்னர் பெஸ்ட், யூதர்களைப் பிடிக்க இதுவே தருணம் என்று பெர்லினுக்குத் தந்தி அடித்தார். அனுமதி கிடைத்தது.

4. செப்டம்பர் 28 அன்று, ஜெர்மானியத் தூதரகத்தில் கப்பல் போக்குவரத்தைக் கவனித்துவந்த கேயார்க் டுக்விட்ஸ் இந்தத் திட்டத்தை டேனிஷ் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர்களிடம் சொல்லிவிட்டார். மறுநாள் காலை, யூதப் புத்தாண்டுக்கு முந்தைய வழிபாட்டில், யூத மதகுரு (ரபி) மார்க்கஸ் மெல்கியோர் கோபன்ஹேகன் தொழுகைக்கூடத்தில் கூடியிருந்தவர்களை உடனே வீடு திரும்பித் தலைமறைவாகச் சொன்னார்.

5. அக்டோபர் 1 இரவு வேட்டை நடந்தது. பெரும்பாலான வீடுகளில் ஆள் இல்லை. மறுநாள், வருகிறவர்களை ஏற்றுக்கொள்வதாக ஸ்வீடன் வானொலியில் அறிவித்தது.

அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 7,200 யூதர்களும், அவர்களுடைய யூதரல்லாத குடும்பத்தார் ஏறத்தாழ 700 பேரும் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள ஓரசுண்ட் நீரிணையைக் கடந்தனர். மீன்பிடிப் படகுகளின் அடித்தளத்தில், வலைகளுக்கும் பெட்டிகளுக்கும் அடியில் கிடந்து போனார்கள். கைக்குழந்தை அழுதால் படகே போய்விடும் என்பதால், கரையிலேயே மருத்துவர்கள் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். கோபன்ஹேகனின் பிஸ்பெபியெர்க் மருத்துவமனை நூற்றுக்கணக்கானோரை நோயாளிகள் என்ற பெயரில் ஒளித்துவைத்து அனுப்பியது. பிடிபட்ட சுமார் 470 பேர் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 50 பேர் அங்கேயே இறந்தனர்.

இதில் புனைவாளர் ஒருவர் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. லோரியும் அளவோடுதான் சேர்த்திருக்கிறார். கதையின் உச்சத்தில் ஆனிமரி தன் மாமாவின் படகுக்கு ஒரு பொட்டலத்தைக் கொண்டு ஓடுகிறாள். உள்ளே ஒரு கைக்குட்டை. கைக்குட்டையில் தடவியிருக்கும் மருந்து, படகைச் சோதிக்க வரும் நாய்களின் மோப்ப சக்தியை மழுங்கடிக்கும். வாசிக்கும்போது இதைத்தான் கற்பனை என்று நினைப்போம். உண்மையில் உலர்ந்த முயல் இரத்தமும் கொகெய்னும் கலந்து ஸ்வீடன் விஞ்ஞானிகள் அப்படியொரு பொடியை உருவாக்கினார்கள் என்று நூலாசிரியர் பின்னுரையில் விளக்குகிறார். இரத்த வாடைக்கு நாய் நெருங்கும். கொகெய்ன் மூக்கை மரத்துப்போகச் செய்யும்.

பத்து வயதுப் பிள்ளை சாலையில் கூடையோடு போவதும், சிப்பாய்கள் அவளைச் சிறுமிதானே என்று பாதி அலட்சியமாக விசாரிப்பதும் நடக்கக்கூடியவையே. தான் எதைச் சுமக்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் நம்பகமாகப் படுவது அந்தத் தெரியாமைதான். ரகசியப் பணியில் ஈடுபட்டவர்கள், தெரிந்தவர்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு பாதுகாப்பு என்றுதான் இயங்கினார்கள். அப்படியிருக்கப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும் மாமா இருந்தால் அவர்தான் கற்பனை.

மன்னர் நட்சத்திரம் அணிந்தாரா?

டென்மார்க் பற்றிய பேச்சில் தவறாமல் வரும் கதை ஒன்று உண்டு. யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று ஜெர்மனி உத்தரவிட்டதாம். மறுநாள் மன்னரே நட்சத்திரம் அணிந்து குதிரையில் வலம் வந்தாராம். அதைப் பார்த்து மக்கள் அனைவரும் அணிந்துகொண்டார்களாம்.

இது நடக்கவில்லை. டென்மார்க்கில் அப்படி ஓர் உத்தரவே வந்ததில்லை. ஆகவே மன்னர் அணியவும் இல்லை. ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் மெய்க்காவலர் இல்லாமல் தினமும் தலைநகரத் தெருக்களில் குதிரையில் போனது மட்டும் உண்மை. 1942 அக்டோபரில் குதிரையிலிருந்து விழுந்த பிறகு அதுவும் நின்றுபோனது.

கட்டுக்கதை அழகாக இருக்கிறது, ஒரு நல்ல குணத்தைத்தானே சொல்கிறது, விட்டுவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் அது உண்மையான துணிச்சலை மறைத்துவிடுகிறது. ஒருவர் சட்டையில் துணி குத்தியதால் யாரும் காப்பாற்றப்படவில்லை. ஓர் அரசு மூன்றாண்டுகள் அலுப்பூட்டும் பேச்சுவார்த்தைகளில் “எங்கள் குடிமக்களைப் பிரிக்க மாட்டோம்” என்று திரும்பத் திரும்ப மறுத்ததுதான் அடித்தளம். பேச்சுவார்த்தை மேசையை வைத்துச் சிறார் கதை எழுதுவது கடினம். குதிரை எளிது.

துணிச்சலுக்கு ஒரு விலைப்பட்டியல்

சிறார் நூல்களில் துணிச்சல் பெரும்பாலும் மனத்தின் குணமாக வருகிறது: நல்ல மனம் இருந்தால் தோழியைக் காப்பாற்றிவிடலாம். அப்படியானால் மற்ற நாடுகளில் இருந்தவர்களுக்கு மனம் இல்லையா?

நெதர்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1941 பிப்ரவரியில், யூதர்களைப் பிடித்ததைக் கண்டித்து ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிராம் ஓட்டுநர்கள் முதல் கப்பல் கட்டுவோர் வரை தெருவுக்கு வந்தார்கள். டென்மார்க்கில் அந்த ஆண்டு அப்படி எதுவும் நடக்கவில்லை. வேலைநிறுத்தம் இரண்டே நாட்களில் ஆயுதபலத்தால் நசுக்கப்பட்டது. அந்நாட்டின் சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அங்கே நாஜி நிர்வாகம் நேரடியாக ஆண்டது. முகவரிப் பதிவேடுகள் துல்லியமாக இருந்தன. தப்பிப்போக அருகில் நடுநிலை நாடு இல்லை.

அருகில் ஸ்வீடன் இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் நீண்ட நில எல்லை உண்டு. ஆனாலும் அங்கிருந்த ஏறத்தாழ 2,100 யூதர்களில் 770க்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். கைது செய்யும் வேலையை நார்வே காவல்துறையே செய்தது. 1942 நவம்பர் 26 அன்று ஒஸ்லோ துறைமுகத்திலிருந்து ‘டோனாவ்’ என்ற ஒரே கப்பலில் 500க்கும் அதிகமானோர் ஏற்றப்பட்டனர்.

டென்மார்க்கில் பல காரணங்கள் ஒரே நேரத்தில் கூடிவந்தன. நீரிணை மிகக் குறுகிய இடத்தில் சுமார் 4 கிலோமீட்டர் அகலமே. முன்னெச்சரிக்கை கிடைத்தது. ஸ்வீடன் கதவைத் திறந்தது. ஜெர்மானியக் காவலர்களுக்கும் வீட்டுக் கதவுகளை உடைத்து நுழைய வேண்டாம் என்றே உத்தரவிடப்பட்டிருந்தது. இவற்றின் மேல்தான் மக்களின் துணிச்சல் வேலை செய்தது. காரணங்களை அகற்றிவிட்டுத் துணிச்சலை மட்டும் காட்டினால், ஆம்ஸ்டர்டாமில் மடிந்தவர்களின் அண்டை வீட்டார் கோழைகள் என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடும். யாரும் அப்படி எழுதியிருக்கத் தேவையில்லை. கதை தானாகவே அதைச் சொல்லிவிடும்.

சிறார் நூல்கள் பொதுவாக விட்டுவிடும் வேறு சில செய்திகளும் உண்டு.

முதலாவது, பணம். படகுக்காரர்கள் பலர் கட்டணம் வாங்கினார்கள். ஓர் ஆளுக்குச் சராசரியாக 1,000 குரோனர் (டென்மார்க் நாணயம்). சிலர் அதைவிடப் பல மடங்கு கேட்டார்கள். அன்றைய சராசரி மாதச் சம்பளம் 500 குரோனருக்கும் குறைவு. இதை வைத்துப் படகுக்காரர்களைப் பேராசைக்காரர்கள் என்பதும் சரியாகாது. படகு பறிபோனால் பிழைப்பு போச்சு. பணம் இல்லாதவர்களுக்காக நன்கொடை திரட்டப்பட்டது. விலையும் நாளடைவில் இறங்கியது. உதவி, அச்சம், வியாபாரம் மூன்றும் ஒரே படகில் ஏறியிருந்தன.

இரண்டாவது, கில்லலேய். கோபன்ஹேகன் அமைந்துள்ள சீலாந்து தீவின் வடகோடியில் உள்ள இந்த மீனவ ஊர்தான் முக்கியப் புறப்பாட்டு இடங்களில் ஒன்று. ஊர்க்காரர்கள் ஏறத்தாழ 80 பேரைத் தேவாலயத்தின் மேல்மாடத்தில் ஒளித்துவைத்தார்கள். அக்டோபர் 6ஆம் தேதி இரவு நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ தேவாலயத்தைச் சுற்றி வளைத்தது, அங்கிருந்தவர்கள் அகப்பட்டார்கள். ஊர் முழுக்க உதவியும் இது நடந்தது.

மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்த வேண்டும். தப்பியோடிய பெற்றோர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளை டென்மார்க்கிலேயே பிறரிடம் விட்டுச் சென்றார்கள். குழந்தையின் அழுகை எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிடும், கடலில் பிழைக்குமோ என்னவோ என்ற பயம். 1945இல் திரும்பி வந்தபோது, வளர்த்தவர்களையே பெற்றோராக எண்ணிய பிள்ளைகள் சிலர் அவர்களிடமிருந்து பிரிய மறுத்தார்கள். நட்பையும் துணிச்சலையும் தேடுகிற சிறார் எழுத்தாளருக்கு இதைவிடக் கனமான பொருள் கிடைக்காது. வளர்த்தவர், பெற்றவர், பிள்ளை என மூவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வில்லன் என்று காட்ட வீட்டுக்குள் ஒருவரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, மீட்புக் கதைகள் பெரும்பாலும் ஸ்வீடன் கரையைத் தொட்டதும் முடிந்துவிடுகின்றன.

பிள்ளைகளே பெரிய காரியத்தில் இறங்கியது நடக்கவே இல்லையா? நடந்தது. டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் பள்ளி மாணவர்கள் சிலர் ‘சர்ச்சில் கிளப்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஜெர்மானிய வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள், துப்பாக்கிகளைத் திருடினார்கள். 1942 மே மாதம் பிடிபட்டுச் சிறை சென்றார்கள். அவர்கள் பதின்வயதினர், பத்து வயதுக்காரர்கள் அல்லர். முடிவு வெற்றியும் அன்று, சிறை. சாத்தியத்தின் எல்லை என்பது இதுதான்: துணிச்சலுக்கு அந்த உலகம் என்ன பதில் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நட்பு எந்த அளவில் இருந்தது?

உயிரைக் காப்பாற்றும் நட்பே நட்பு என்ற எண்ணத்தை இந்நூல்கள் வளர்த்துவிடுகின்றன. பதிவாகியுள்ள போர்க்கால நட்புகள் பெரும்பாலும் அதைவிடச் சிறிய அளவில் இருந்தவை.

1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். சான் டியேகோ பொது நூலகத்தின் சிறார் பிரிவு நூலகர் கிளாரா பிரீட், தன்னிடம் புத்தகம் வாங்கிப் படித்துவந்த பிள்ளைகள் ரயில் ஏறும் நாளில் நிலையத்துக்குப் போனார். தன் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய அஞ்சலட்டைகளை அவர்கள் கையில் கொடுத்தார். பிள்ளைகள் முகாமிலிருந்து எழுதினார்கள். புத்தகம் வேண்டும், சோப்பு வேண்டும், துணி வேண்டும் என்று கேட்டார்கள். அவர் வாங்கி அனுப்பினார். இருநூற்றுக்கும் மேற்பட்ட அந்தக் கடிதங்கள் இன்று லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஜப்பானிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவரால் யாரையும் முகாமிலிருந்து விடுவிக்க முடியவில்லை. முகாம்கள் அநியாயம் என்று பத்திரிகைகளில் எழுதினார். புத்தகமும் சோப்பும் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

ஹிரோஷிமாவின் சடாகோ சசாகி கதையும் இங்கே பொருந்தும். 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. 1955இல் இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று பன்னிரண்டு வயதில் இறந்தாள். ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில், மருந்து சுற்றிவரும் தாளில்கூட மடித்தாள். 1977இல் எலினர் கோயர் அமெரிக்காவில் எழுதிய சிறார் நூல், அவள் 644 கொக்குகளோடு இறந்துவிட்டதாகவும் மீதி 356ஐ வகுப்புத் தோழர்கள் மடித்து முடித்ததாகவும் சொன்னது. உலகம் முழுவதும் அந்த எண்ணே பரவியது. ஆனால் ஆகஸ்ட் முடிவதற்குள்ளேயே ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள், அதன் பிறகும் மடித்துக்கொண்டிருந்தாள் என்பதே ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் குடும்பத்தாரும் சொல்வது.

ஓர் எண்ணில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. 644 என்றால், நேரம் போதாமல் போன சோகம். தோழர்கள் அதைச் சரிசெய்துவிடுகிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினாள் என்றால், விதியெல்லாம் நிறைவேற்றியும் பலன் கிடைக்கவில்லை. இரண்டாவதுதான் கதிர்வீச்சின் உண்மை. தோழர்களின் நட்புக்கு இந்தத் திருத்தத்தால் குறை எதுவும் வரவில்லை: அவர்கள் உண்மையில் செய்தது நிதி திரட்டும் இயக்கம். ஜப்பான் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். 1958 மே 5 அன்று ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் சிறார் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது.

வேலியோரச் சிறுவன்

இப்போது ஆஷ்விட்ஸ் நினைவகத்தின் ஆட்சேபத்துக்கு வரலாம். பாய்னின் நாவலில் முகாம் தலைமை அதிகாரியின் ஒன்பது வயது மகன் புரூனோ, முள்வேலிக்கு மறுபுறம் உள்ள யூதச் சிறுவன் ஷ்முவேலோடு நாள்தோறும் பேசி நண்பனாகிறான். ஆட்கள் கற்பனை, அதில் தவறில்லை. தவறு மூன்றாவது வகையில் இருக்கிறது.

1. ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட சிறாரும் பதின்வயதினரும் ஏறத்தாழ 2,32,000 பேர். அவர்களில் சுமார் 2,16,000 பேர் யூதர்கள். வேலைக்கு ஆகாதவர்கள் என்று கருதப்பட்ட சிறு பிள்ளைகள் பெரும்பாலும் வந்த அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டனர். 1945 ஜனவரி 27 அன்று முகாம் விடுவிக்கப்பட்டபோது உயிரோடு இருந்த சிறாரும் இளையோரும் சுமார் 700 பேர். ஒன்பது வயதுப் பையன் மாதக்கணக்கில் வேலியோரம் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் காட்சி, இந்தக் கணக்கையே இல்லாமல் ஆக்குகிறது.

2. வேலியில் மின்சாரம் ஓடியது. காவல் கோபுரங்கள் இருந்தன. அடியில் புகுந்து போகும் இடைவெளி கதையின் வசதிக்காக வந்தது.

3. யூதர் என்றால் யார் என்றே அறியாத புரூனோ. நாஜி ஆட்சியில் பள்ளிப் பாடங்களே யூத வெறுப்பைக் கற்பித்தன. பத்து வயதானவுடன் ஹிட்லரின் சிறுவர் அமைப்பில் சேர்வது 1939 முதல் கட்டாயம். உயர் அதிகாரியின் மகன் இவை எதுவும் காதில் விழாமல் வளர்ந்தான் என்றால், அக்காலத்து ஜெர்மானியக் குடும்பங்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற பழைய சமாதானத்துக்கு வலுச்சேர்ந்துவிடும். இவற்றில் இதுவே பெரிய கேடு என்று கருதுகிறேன்.

4. முடிவில் கண்ணீர் யாருக்காக வருகிறது என்று பாருங்கள். வாசகர் உடனிருந்து வளர்ந்தது புரூனோவோடு. தவறிப்போய் உள்ளே நுழைந்த அதிகாரியின் மகன் சாவதுதான் அதிர்ச்சி. ஷ்முவேலின் சாவு எதிர்பார்த்ததாகிவிடுகிறது.

இது ஓர் உருவகக் கதையே, வரலாறு அன்று என்பது ஆசிரியர் தரப்பு. அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. உருவகக் கதைக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் உருவகக் கதையை வரலாற்று வகுப்பில் பாடமாக வைக்கக் கூடாது. நினைவகம் சொன்னதும் அந்த அளவுக்குத்தான்: படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் தவிர்க்கட்டும். நூலைத் தடைசெய்யச் சொல்லவில்லை.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

போர்க்காலச் சிறார் நூல் ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் பெற்றோரோ ஆசிரியரோ சில பக்கங்களைப் புரட்டினாலே போதும்.

1. பின்னுரை இருக்கிறதா? எது நடந்தது, எது சேர்த்தது என்று ஆசிரியர் பிரித்துச் சொல்லியிருக்கிறாரா? லோரி சொல்லியிருக்கிறார். அவருடைய நாவலில் வரும் இளம் போராளியின் கடைசிக் கடிதத்துக்குப் பின்னால் கிம் மால்தே-புரூன் என்ற உண்மை மனிதர் இருக்கிறார். டேனிஷ் எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த அவரை 1945 ஏப்ரலில், 21 வயதில், ஜெர்மானியர் சுட்டுக் கொன்றனர். அவர் எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன.

2. பிள்ளைப் பாத்திரத்துக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது? பெரியவர்களுக்கே தெரியாத போர் முடிவுகளைப் பத்து வயதுக்காரி முன்கூட்டியே ஊகித்தால், அங்கே பேசுவது அவள் இல்லை, இன்றைய ஆசிரியர்.

3. உதவியவர்களுக்கு என்ன ஆயிற்று? கேள்வியே எழவில்லையென்றால் நூல் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.

4. காப்பாற்றப்படுகிற பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு குணம், ஒரு கோபம், ஓர் எரிச்சல் இருக்கிறதா? அல்லது மற்றவர்களின் நல்ல மனத்தைக் காட்டுவதற்காக மட்டும் பக்கத்தில் நிற்கிறதா? இந்த இடத்தில் நல்ல நூல்களும் சறுக்குகின்றன. ‘நம்பர் த ஸ்டார்ஸ்’ நூலிலும் எல்லனைவிட ஆனிமரியைத்தான் நமக்குத் தெரியும்.

5. எதிர்த்தரப்பில் ஒரே முகம்தானா? இதைக் கேட்க நல்ல காரணம் உண்டு. டென்மார்க் யூதர்களைக் காப்பாற்றிய எச்சரிக்கையைக் கொடுத்த டுக்விட்ஸ், 1932இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். தன் பதவியையும் உயிரையும் பணயம் வைத்துத் திட்டத்தை வெளியிட்டார். போருக்குப் பிறகு 1955இல் மேற்கு ஜெர்மனியின் தூதராக அதே கோபன்ஹேகனுக்கு வந்தார். 1971இல் யூத இன அழிப்பின் நினைவைப் பேணும் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவரை ‘உலக நாடுகளிடையே நீதிமான்’ என்று அறிவித்தது. இப்படிப்பட்ட ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்தால் பத்து வயது வாசகர் நிச்சயம் கேட்பார்: நல்லவரா, கெட்டவரா? பதில் சொல்லச் சிரமமாக இருக்கும். அந்தக் கேள்வி எழுவதற்கு இடமளிக்கும் நூலாகப் பார்த்து வாங்கலாம்.